அறிக்கையில் எழுதிய தேநீர்

ஒரு நிறுவனத்தின் உரிமையாளர்கள் தமக்குள் மோதிக்கொள்கிறார்கள். ஆனால் அந்த நிறுவனமோ ஒருநாளும் நிற்கக்கூடாத ஒன்றாக இருக்கிறது. அப்படியான வேளையில் நீதிமன்றம் மூன்றாம் ஆள் ஒருவரை உள்ளே அனுப்பும். அவர் சாவிகளைப் பெற்றுக்கொள்வார். வங்கிக் கணக்கைத் தன் கையெழுத்தின் கீழ்க் கொண்டுவருவார். வழக்கு முடியும்வரை அந்த இடம் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வார். அவருக்கு ரிசீவர் என்று பெயர். மெல்பேர்னில் என் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி அந்த மூன்றாம் ஆளாகவே கழிந்தது.

அதைப் பற்றி எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. என் மனைவி புவனம் சென்ற குளிர்காலத்தில் காலமானாள். அதற்குப் பிறகு எழுதுவது மட்டுமல்ல, பேசுவதும் குறைந்துவிட்டது. முன்னொரு காலத்தில் என் குழுவில் வேலை செய்த காயத்ரி சிட்னியில் கெல்லிவில்லிலிருந்து அழைத்தாள். இப்போது அவளே நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவர்.

"மேடம் விஷயம் கேள்விப்பட்டேன் சார். என்ன சொல்றதுன்னே தெரியல" என்றாள். பிறகு, நான் பேசக்கூடிய ஒரே பொருள் எதுவென்று அவளுக்குத் தெரிந்திருந்ததாலோ என்னவோ, தொழிலைப் பற்றிப் பேசினாள்.

"ஒரு சைல்ட்கேர் கம்பெனிக்கு என்னைப் போட்டிருக்காங்க சார். முதல் நாள் நான் அங்க போகவே இல்ல. பூட்டெல்லாம் ஆப்லயே மாறிடுது. கேமரால எல்லாம் தெரியுது. யாரும் இப்ப நேர்ல போறதில்ல. ஆனா ஏதோ விட்டுப்போன மாதிரியே இருக்கு. நீங்க அந்த நோபல் பார்க் கேஸை எழுதுங்களேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்ததன் விளைவு இந்தக் கட்டுரை.

கொழும்பில் கணக்கியல் படித்தேன். இங்கே வந்து ஏறக்குறைய அதே பரீட்சைகளை வேறு மேசைகளில் இருந்து மறுபடியும் எழுதினேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. உண்மையில் நான் தொழில் கற்றது டெஸ்மண்ட் என்ற மேலதிகாரியிடம்தான். உயரமானவர். குரலை உயர்த்தமாட்டார். ஒரு வாக்கியத்தைத் தொடங்குமுன் அது எப்படி முடியப்போகிறது என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டு பேசுகிறவர்போல் நிதானமாகப் பேசுவார்.

அவருடன் நான் சென்ற முதல் இடம் ஒரு கோழிப்பண்ணை. பங்காளிகள் இருவர் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். நான் நீதிமன்றக் கட்டளையின் பிரதியையும் புதிய பூட்டுகளையும் ஏந்தியபடி வாசலில் நின்றேன். டெஸ்மண்ட் பூட்டைப் பற்றிப் பேசவில்லை. எதிரே வந்த முதல் பணியாளரிடம், "இங்கே உயிரோடு இருப்பவை என்னென்ன?" என்று கேட்டார். பிறகு தீவனம் எங்கே வருகிறது, தண்ணீர் எப்படி ஏறுகிறது, மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்று கேட்டறிந்தார். கட்டளையை வாசித்ததும் பூட்டை மாற்றியதும் அதன் பிறகுதான். காரில் திரும்பும்போது, கோழிகளுக்கு நீதிமன்றத்தைப் பற்றி எதுவும் தெரியாது என்று மட்டும் சொன்னார். பிறகு வந்த இடங்கள் எதிலும், அது பூச்செடிப் பண்ணையோ அச்சகமோ, அவருடைய முதற்கேள்வி அதுவாகவே இருந்தது.

அவரிடம் வேறு இரண்டு பழக்கங்களும் இருந்தன. பொறுப்பேற்ற இடத்தில் உரிமையாளரின் நாற்காலியில் ஒருபோதும் உட்காரமாட்டார். அதற்கென்று ஒரு மடிப்பு நாற்காலி அவருடைய காரின் பின்பெட்டியில் எப்போதும் கிடக்கும். அந்த இடத்தில் எதையும் சாப்பிடவும் மாட்டார், குடிக்கவும் மாட்டார். திராட்சை மதுத் தயாரிப்பு நிறுவனம் ஒன்றுக்கு நியமிக்கப்பட்ட ரிசீவர் ஒருவரின் ஆட்கள் மாலையில் ஒரு போத்தலைத் திறந்தார்களாம். அது நீதிமன்றம்வரை போயிற்றாம். அந்த மனிதர் யார் என்று டெஸ்மண்ட் கடைசிவரை சொல்லவில்லை. "நாம் உரிமையாளர்கள் அல்ல, விருந்தினரும் அல்ல. வைத்துக் காப்பவர்கள்" என்பார்.

அவர் ஓய்வுபெற்றபோது மடிப்பு நாற்காலியை எனக்குத் தந்தார். சாப்பாட்டு விதியை நான் முன்னமே எடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் என் தொழிலில் புவனத்துக்கும் ஒரு பங்கு இருந்தது. நான் எந்த நிறுவனத்துக்குப் போனாலும், காலையில் ஓர் எவர்சில்வர் சாப்பாட்டுப் பெட்டியும் தேநீர் நிறைந்த பிளாஸ்கும் கதவருகே இருக்கும். காருக்குள் இருந்து சாப்பிடுவேன். அவள் அதைப் பற்றி ஒருநாளும் குறைகூறியதில்லை. "உங்கட கோட்டுக்காரருக்கு என்ர புளிச்சாதம் பிடிக்குமோ எண்டு ஒருக்கால் கேட்டுப்பாருங்கோ" என்று மட்டும், நீதிமன்றத்தைக் கேலி செய்து, எப்போதாவது சொல்வாள்.

நோபல் பார்க் வழக்கு என் தொழிலின் கடைசி ஆண்டுகளில் வந்தது. அந்த மெல்பேர்ன் புறநகரில் முதியோருக்கான ஒரு சிறிய இல்லம் இருந்தது. மருத்துவமனை அல்ல, சமையலுக்கும் குளிப்பதற்கும் மருந்து எடுப்பதற்கும் துணை தேவைப்படுவோர் தங்கும் இடம். மாநிலச் சட்டத்தின் கீழ்ப் பதிவுபெற்று, மாநில அதிகாரிகளின் மேற்பார்வையில் இயங்கியது. நடத்திய நிறுவனத்தின் உரிமையாளர்களான பணிப்பாளர்கள் இருவரும் மைத்துனர்கள். மூத்தவர் அதை விற்றுவிட வேண்டும் என்றார். இளையவர் முடியாது என்றார். இருவரும் காசோலைகளில் கையெழுத்திட மறுத்த நிலையில் வழக்கு மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போய், நான் நியமிக்கப்பட்டேன். தமிழர் நடத்திய இடம், அங்கிருந்தோரில் பெரும்பாலோர் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து வந்த முதியவர்கள், நானும் தமிழன். இவை அனைத்தையும் முன்கூட்டியே நீதிமன்றத்துக்குத் தெரிவித்தேன். எவரையும் எனக்கு முன்பின் தெரியாது என்பதால் ஆட்சேபம் எழவில்லை.

முதல் நாள் மூத்த மைத்துனர் வாசலிலேயே என்னை மறித்தார். "அங்கிள், நீங்களும் எங்கட ஆள்தானே. கொஞ்சம் விளங்கி நடவுங்கோ."

"விளங்கித்தான் வந்திருக்கிறன். சாவிகளைத் தாருங்கோ" என்றேன்.

டெஸ்மண்டின் கேள்வியை அங்கே கேட்கத் தேவைப்படவில்லை. கூடத்தில் ஊன்றி நடக்கும் இரும்புச் சட்டங்களோடும் கம்பளிச் சால்வைகளோடும் உயிரோடு இருந்தவர்கள் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மடிப்பு நாற்காலியை ஒரு மூலையில் விரித்து உட்கார்ந்தேன். குசினிப் பக்கமிருந்து ஒரு மூதாட்டி சுவரைப் பிடித்தபடி வந்தார். அவர் திரேசம்மா, மன்னாரைச் சேர்ந்தவர், எண்பதைத் தாண்டியவர். அவரும் அங்கே தங்கியிருந்தவர்தான். ஆனால் பிற்பகல் தேநீர் வேளையில் சமையற்காரரை ஒதுங்கி நிற்கச் செய்துவிட்டுக் கேத்தலைத் தன் வசம் எடுத்துக்கொள்ளும் அதிகாரம் அவருக்கு இருந்தது.

"தம்பி, தேத்தண்ணி போடுறன். பால் விடவோ, வெறுந்தேத்தண்ணியோ?"

"வேண்டாம் அம்மா. நான் கொண்டு வந்திருக்கிறன்."

"என்னத்தை? தேத்தண்ணியையோ?"

"ஓம். பிளாஸ்கில இருக்கு."

"ஆர் வீட்டுக்காவது தேத்தண்ணியைக் கட்டிக்கொண்டு போறவையே?"

சீட்டாட்ட மேசையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். செபமாலை என்று பெயர். மன்னார்க் கரையில் படகு எஞ்சின் திருத்தியவர். "விடு திரேசம்மா. அவர் கோட்டு ஐயா. எங்கட சீனியில நஞ்சு கிடக்கோ எண்டு முதல்ல லண்டனுக்கு அனுப்பிப் பார்க்கோணும்." கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன். நீதிமன்றம் அனுப்பிய ஆள் என்பதால், அன்று முதல் அங்கே என் பெயர் கோட்டு ஐயா.

மைத்துனர்கள் இனிச் சேர்ந்து நடத்தமாட்டார்கள் என்று கண்ட நீதிமன்றம் விற்பனைக்கு உத்தரவிட்டிருந்தது. என் வேலை சுருக்கமாக இதுதான்: இல்லத்தை விற்பதற்குத் தகுந்த வழியை நீதிமன்றத்துக்குப் பரிந்துரைப்பது. இரண்டு பேர் வாங்க முன்வந்தார்கள். ஒருவர் கட்டடக்காரர், இடித்துவிட்டு வீடுகள் கட்டுவார். மற்றவர் இத்தகைய இல்லங்களை ஏற்கெனவே நடத்தும் ஒரு தாதி. இல்லத்தை அப்படியே தொடர்ந்து நடத்துவார். இருவரும் சொன்ன விலைகளுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் தாதி ஒரு நிபந்தனை வைத்தார்: கைமாறும் நாளில் பாதிக்கு மேற்பட்ட அறைகளில் ஆட்கள் இருக்க வேண்டும், வெறுமையான இல்லத்தை நடத்த அவரால் முடியாது. அதில் தவறேதும் இல்லை. ஆக, அங்கிருந்தோர் அங்கேயே இருந்தால் அவர்கள் தொடர்ந்து அங்கே இருக்கலாம். அவர்கள் கலைந்தால் இல்லம் இடிபடும்.

அவர்கள் கலையத் தொடங்கினார்கள்.

ஒருவரை மகன் வந்து கூட்டிச் சென்றார். அடுத்த கிழமை வேறு இருவர் போனார்கள். காரணம் கேட்டால், பிள்ளைகள் ஆங்கிலத்தில் மரியாதையாக ஏதோ சொன்னார்கள். பிறகு திரேசம்மாவோடு ஒரே அறையில் இருந்த வெறோனிக்கா என்பவரை, சிட்னியில் மெரிலேண்ட்ஸில் இருக்கும் மகள் விமானத்தில் வந்து அழைத்துச் சென்றார். இரண்டு பெண்களும் வாசலில் நின்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கார் போன பிறகும் திரேசம்மா உள்ளே வரவில்லை. நான் அருகில் சென்றேன்.

"அவள் போட்டாள் தம்பி. இனி வரமாட்டாள். எங்களுக்கு இனி ஆரைத் தெரியும்? என்னை எங்கயாவது தூக்கிப் போடுவினம். அங்க நான் தண்ணி வேணுமெண்டாலும் இங்கிலிசில கேக்கோணும்."

அன்று பிற்பகல் செபமாலை என்னைச் சீட்டாட்ட மேசைக்கு அழைத்தார். முந்நூற்றுநாலு ஆட்டத்துக்கு ஒரு கை குறைவு என்றார். நான் ஆடத் தெரியாது என்றேன். அவர் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார்.

"கோட்டு ஐயா, ஒண்டு கேக்கட்டே? கோவிக்கக்கூடாது."

"கேளுங்கோ."

"எப்ப பூட்டப்போறியள்?"

"நான் பூட்ட வரேல்லை. ஒண்டும் முடிவாகேல்லை."

"பின்னை ஏன் இஞ்ச பச்சைத் தண்ணியும் தொடுறியள் இல்லை? இடிக்கப்போற வீட்டில ஆர் கைநனைப்பினம் எண்டு திரேசம்மா சொல்லுறா. அந்தக் கதைதான் போன்வழிய எல்லாப் பிள்ளையளுக்கும் போட்டுது. போதாக்குறைக்குக் கதிரையும் கொண்டு திரியிறியள். எங்களோட இருக்க வந்த ஆள் கதிரை கொண்டு வருவானே?"

பக்கச்சார்பு இல்லை என்று காட்டுவதற்காகக் காலமெல்லாம் நான் பேணிய ஒரு பழக்கத்தை, அந்த வீடு தன் மரணச் செய்தியாக வாசித்திருந்தது. நான் ஒன்றையும் ஏற்கவில்லை என்பதைத் தரப்பினரும் நீதிபதிகளும் நேர்மை என்று புரிந்துகொள்வார்கள். சாப்பிடாமல் எழுந்து போகிறவனைத் திரேசம்மா புரிந்துகொள்ளும் முறை வேறு.

வீட்டுக்கு வந்து புவனத்திடம் சொன்னேன். அவள் கறி கூட்டிக்கொண்டிருந்தாள்; கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நான் கட்டித் தந்த சோறு அந்தச் சனத்தை வீட்டை விட்டுக் கலைக்குதெண்டால், நாளையிலயிருந்து கட்டேல்லை."

"அது அப்பிடி இல்லை, புவனம். விதியெண்டு ஒண்டு இருக்கு."

"ஆர் போட்ட விதி? அவரைக் கேளுங்கோவன்."

டெஸ்மண்ட் அப்போது பலராட் என்ற ஊரில் தேனீ வளர்த்துக்கொண்டிருந்தார். தொலைபேசியில் முழுவதையும் கேட்டார். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "அங்கே உயிரோடு இருப்பது என்ன?" மனிதர்கள் என்றேன். "நீ தேநீர் குடிக்காததால் அவர்கள் போகிறார்களா?" ஆம் என்றேன். டெஸ்மண்ட் சொன்னார்: "அப்படியென்றால் குடி. குடித்ததை நீதிமன்றத்துக்குத் தரும் அறிக்கையில் எழுது. அறிக்கையில் எழுத முடியாத தேநீர் என்றால் மட்டும் குடிக்காதே."

மறுநாள் பிற்பகல் மடிப்பு நாற்காலியைக் காரிலேயே விட்டுவிட்டுச் சென்றேன். திரேசம்மா கேத்தலோடு வந்தபோது, "அம்மா, எனக்கும் ஒண்டு தாருங்கோ. பால்தேத்தண்ணி" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சீனி?"

"ரெண்டு கரண்டி."

"உங்களுக்குச் சீனி வருத்தம் இல்லையே?"

"இதுவரைக்கும் இல்லை."

"இதைக் குடிச்சால் வரும்" என்றார் செபமாலை. "இந்தக் கதிரையில இருங்கோ. பயப்பிடாதேங்கோ, இது ஒருத்தற்றை கதிரையும் இல்லை."

கடைசித் துளிவரை குடித்தேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சொல்ல எனக்கு உரிமை உள்ளதைச் சொன்னேன்: இந்த இல்லம் திறந்திருக்குமா என்பதை நீதிபதிதான் தீர்மானிப்பார்; நான் வாக்குக் கொடுக்க முடியாது; ஆனால் திறந்த இல்லமாகவே விற்பதற்கு முயல்கிறேன்; ஆட்கள் இருந்தால்தான் அது முடியும்.

திரேசம்மா கோப்பையை எடுத்துக்கொண்டே, "இதை முதல் நாளே தேத்தண்ணியோட சொல்லியிருந்தால் வெறோனிக்கா இருந்திருப்பாள்" என்றார். குரலில் கோபம் இருக்கவில்லை. அவர் சொன்னது உண்மை. வெறோனிக்கா திரும்பி வரவேயில்லை.

அன்று மாலை தொலைபேசிகள் எதிர்த்திசையில் வேலை செய்தன. புறப்படவிருந்த இருவர் பெட்டிகளைக் கட்டிலுக்குக் கீழே திரும்பத் தள்ளினார்கள். அதன் பிறகு எவரும் போகவில்லை.

புவனம் இதோடு விடவில்லை. "வெறுங்கையோட போய்க் குடிச்சிட்டு வாறதே?" என்று, அடுத்த நாள் என் சாப்பாட்டுப் பெட்டி நிறைய உழுந்து வடை சுட்டுக் கொடுத்தாள். திரேசம்மா அதைக் கூடத்தில் பகிர்ந்தார். அலுவலகத்தில் அறிக்கை தயாரித்தபோது, தேநீருக்கு ஒரு பந்தி, வடைக்கு ஒரு பந்தி என்று எழுதச் சொன்னேன். காயத்ரி தட்டச்சுப் பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"சார், சீரியஸாவா? வடைக்கு இங்கிலீஷ்ல என்ன போடறது?"

"வடை என்றே போடு. மதிப்பிடப்படவில்லை என்றும் சேர்."

நீதிமன்றத்தில், கட்டடக்காரருக்கே விற்க விரும்பிய மூத்த மைத்துனரின் சட்டத்தரணி அந்தப் பந்திகளையே பிடித்துக்கொண்டார். ரிசீவர் தம் இனத்தவரோடு உறவாடியிருக்கிறார். இல்லத்தைத் தொடர்ந்து நடத்தவேண்டும் என்ற அவருடைய பரிந்துரை இதனால் கறைபட்டுவிட்டது என்று வாதிட்டார். திறமையான வாதம். அவருடைய இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையே செய்திருப்பேன். நீதிபதி பந்தியை இருமுறை வாசித்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "இந்தப் பலகாரம் இரு தரப்பினருக்கும் கிடைத்ததா?" என்று கேட்டார்.

"பணிப்பாளர்கள் இருவரும் அன்று வரவில்லை, மாண்புமிகு நீதிபதி அவர்களே. வந்திருந்தால் கிடைத்திருக்கும்."

மன்றத்தில் மெல்லிய சிரிப்பு எழுந்தது. இளைய மைத்துனர் சிரித்ததைக் கண்டு மூத்தவரும் வாயைப் பொத்திக்கொண்டார். அவர்கள் இருவரும் ஒரே விடயத்துக்குச் சிரித்ததை நான் கண்டது அந்த ஒருமுறைதான். நீதிபதி தீர்ப்பில் இரண்டு வரிகள் மட்டும் இதற்கு ஒதுக்கினார்: மனிதர்கள் வாழும் வீட்டுக்குள் நீதிமன்றத்தின் சார்பாக நுழைகிறவர், அந்த மனிதர்களுக்கு விளங்கும் விதத்தில் அங்கே இருக்க வேண்டும், அவர் அதை மறைக்காமல் எழுதியிருப்பதே போதுமானது. விற்பனை தாதிக்கே அனுமதிக்கப்பட்டது.

ஒப்படைக்கும் நாளில் காயத்ரி குசினிப் பாத்திரங்களுக்குச் சொத்து அடையாளச் சீட்டு ஒட்டிக்கொண்டு வந்தாள். தட்டில் கவிழ்ந்திருந்த எவர்சில்வர் பெட்டியிலும் ஒன்றை ஒட்டிவிட்டு, "சார், இது கம்பெனியோடதா?" என்றாள்.

"இல்லை. என் மனைவியுடையது."

அவள் அந்தச் சீட்டை உரித்தெடுத்தாள். நான் பெட்டிக்குக் கை நீட்டினேன். திரேசம்மா அதை முந்தி எடுத்துத் தன் சால்வைக்குள் வைத்துக்கொண்டார். "வெறும் பெட்டி தரமாட்டன். பேந்து தாறன்."

வீட்டில் சொன்னபோது புவனம், "அங்கயே இருக்கட்டும். அவவுக்கு ஆசை வாற நேரம் வரும்" என்றாள். வேறொரு பெட்டி வாங்கினோம். சில ஆண்டுகளில் நான் ஓய்வுபெற்றேன். அந்தப் பெட்டியைப் பற்றி இருவரும் பிறகு பேசவில்லை.

புவனம் போனபோது மரணவீட்டுக்கு வழக்கம்போல் உணவு வந்தது. உறவினரும் நண்பரும் முறைவைத்துக் கொண்டுவந்தார்கள். பிறகு, அதுவும் வழக்கம்போல், வருவது குறைந்து நின்றது. பிள்ளைகளும் தத்தம் வேலைகளுக்குத் திரும்பினார்கள். அப்படியான ஒரு பகலில் இல்லத்தின் வான் என் வாசலில் வந்து நின்றது. சாரதியின் கையைப் பிடித்துக்கொண்டு திரேசம்மா இறங்கினார். மிகவும் சிறுத்துப் போயிருந்தார். பின்னால் செபமாலை தடியூன்றி வந்தார். உள்ளே வந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்த செபமாலை, புவனத்தின் படத்துக்கு முன்னால் சற்று நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, "கதிரை இருக்கோ கோட்டு ஐயா, இல்லாட்டி நாங்கள் கொண்டு வந்திருக்கோணுமோ?" என்றார்.

பல நாட்களின் பின் அன்று சிரித்தேன்.

திரேசம்மா பையிலிருந்து பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். மூடியைத் திறந்தார். இடியப்பமும் சொதியும். "சைவம்தான். புதுச்சட்டி வாங்குவிச்சு வைச்சனான்."

"அம்மா, இந்த வயசில நீங்கள் ஏன் இவ்வளவு தூரம்..."

"கோட்டுக் கதை கதைக்காதை. சாப்பிடு."

அதுவரை என்னை அவர் நீ என்று சொன்னதில்லை. என் எதிரே உட்கார்ந்து, நான் முழுவதையும் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. புறப்படும்போது பெட்டியை எடுக்கப்போன என் கையைத் தட்டிவிட்டார். "அது உன்ர மனுசியின்ரை. இஞ்ச இருக்கட்டும். நீ கொண்டு வா."

காயத்ரிக்கு நேற்றுத்தான் பதில் சொன்னேன்: நேரில் போ, கொடுப்பதைக் குடி, எழுதிவை. "வடை கிடைச்சா?" என்றாள். அதையும் என்றேன்.

பெட்டி கழுவிக் கவிழ்த்தபடி இருக்கிறது. புவனம் வடை சுடும்போது எத்தனையோ தடவை அருகில் நின்றிருக்கிறேன்; ஒரு தடவையும் கவனித்ததில்லை. போன கிழமை நான் சுட்டவை எண்ணெயில் உதிர்ந்துவிட்டன. அரைக்கும்போது தண்ணீர் கூடிவிட்டது என்று செபமாலை தொலைபேசியில் தீர்ப்புச் சொன்னார். நாளை நோபல் பார்க்கிற்குப் போக வேண்டும். மறுபடியும் உழுந்து ஊறப்போட்டிருக்கிறேன்.